20 ஆகஸ்ட் 1999: உஜ்ஜல் தோசாஞ் செய்தது சரியா?

பர்னபி பாலன்:

எல்லாருக்கும் வணக்கம். என்ர தங்கச்சியின்ர மகள் இந்த வருசம் சட்டப் படிப்பை முடிக்கிறாள். போன ஞாயிறு சாப்பிடேக்க, "மாமா, கொஞ்ச வருசம் கோட்டில வேலை செய்துபோட்டு மாகாண அரசியலுக்குப் போகப் போறன்" எண்டாள். நான் உடனே சொன்ன பேர் உஜ்ஜல் தோசாஞ், பிரிட்டிஷ் கொலம்பியாவின்ர முன்னாள் பிரீமியர், அதாவது மாகாண முதல்வர். பிள்ளை அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவள் பிறந்தது 2000க்குப் பிறகு, அவளைக் குற்றம் சொல்ல ஏலாது. மச்சான் மட்டும், "ஆர், கூட இருந்து குழி பறிச்ச அந்த ஆளோ?" எண்டு கேட்டார். அதோட சாப்பாடு ஆறிப் போச்சு. அந்த விவாதத்தை இஞ்ச கொண்டு வாறன்.

தெரியாதவைக்கு முதல்ல கதையைச் சொல்லுறன். 1907இல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியாவில இருந்து வந்த ஆக்களின்ர வாக்குரிமையைச் சட்டம் போட்டுப் பறிச்சது. சீக்கியர், முஸ்லிம் எண்ட வித்தியாசம் இல்லை, அந்தச் சட்டத்தில எல்லாருக்கும் 'இந்து' எண்டுதான் பேர். 1914இல கொமகாட்டா மாரு கப்பலில இந்தியாக்காரர் 376 பேர் வன்கூவருக்கு வந்ததும், இரண்டு மாசம் துறைமுகத்திலயே கிடந்து பெரும்பாலான ஆக்கள் திருப்பி அனுப்பப்பட்டதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கனபேருக்குத் தெரியாத விசயம் ஒண்டு இருக்கு. வாக்காளர் பட்டியலில பேர் இல்லாட்டி இந்த மாகாணத்தில சட்டத்தரணியாகவும் ஏலாது. வாக்குரிமை திரும்பி வந்தது 1947இல. அதுக்குச் சரியா 30 வருசம் கழிச்சு, 1977இல, தோசாஞ் சட்டத்தரணியானார்.

ஆள் பஞ்சாபில ஜலந்தர் மாவட்டத்து தோசாஞ் கலான் கிராமம். (பாட்டுக்காரன் தில்ஜித்தும் அதே ஊர்தான், பேரைப் பாத்தாலே விளங்கும்.) தாயின்ர தகப்பன் விடுதலைப் போராட்டத்தில சிறைக்குப் போனவர். 1964இல, பதின்ம வயதில தனிய இங்கிலாந்துக்குப் போய் ரயில்வேயில வேலை, கிரேயோன் செய்யிற தொழிற்சாலையில வேலை. ஆங்கிலத்தை பி.பி.சி. வானொலி கேட்டுக் கேட்டுத்தான் திருத்தினவராம். 1968இல வன்கூவர். இஞ்ச மரம் அரியிற ஆலையில, அறுத்து வாற ஈரப் பலகையை இழுத்து அடுக்கிற வேலை. அந்த வேலையில முதுகு அடிபட்டுப் போச்சு. பிறகுதான் முழுநேரமாப் படிப்பு: சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில அரசியல் விஞ்ஞானம், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில சட்டம். 1979இல சொந்தமாக் கந்தோர் திறந்தார். குடும்ப வழக்கு, விபத்துக் காய வழக்கு எண்டு சாதாரண சனத்தின்ர வழக்குகள்.

1979, 1983 இரண்டு மாகாணத் தேர்தலிலயும் என்.டி.பி.க்கு (புதிய ஜனநாயகக் கட்சி) நிண்டு தோத்தார். 1991இல வன்கூவர்-கென்சிங்டன் தொகுதியில வெண்டார். 1995இல சட்டமா அதிபர். 1999 ஆகஸ்ட் 20ஆம் திகதி பத்திரிகையாளரைக் கூப்பிட்டு, தன்ர சொந்தக் கட்சிப் பிரீமியர் கிளென் கிளார்க் மேல குற்றவியல் விசாரணை நடக்குது எண்டு பகிரங்கமாச் சொன்னார். கிளார்க் அடுத்த நாளே பதவி விலகினார். ஆறு மாசம் கழிச்சு, 2000 பெப்ரவரியில, அந்தக் கதிரையில இருந்தவர் தோசாஞ்.

நான் சொல்லுறன், அவர் செய்தது சரி. அவர் கடைசி வரைக்கும் ஒரு சட்டத்தரணியாத்தான் நடந்தவர், வெண்டதும் அதால, தோத்ததும் அதால. மச்சானின்ர பக்கம் நிக்கிற ஆக்கள் எழுதுங்கோ.

—

மயிலை சுந்தர்:

பாலன் சார், நல்ல இழை. எனக்கு இவரை கனடாவோட மத்திய சுகாதார அமைச்சரா இருந்தவர்னுதான் தெரியும். மாகாண முதல்வரா இருந்தார்ங்கறதே இப்பதான் தெரியுது.

இரண்டு சந்தேகம். ஒண்ணு, பொதுத்தேர்தல் இல்லாம எப்படி முதல்வர் ஆனார்? நம்ம ஊர்ல எம்.எல்.ஏ.க்கள் கூடித் தேர்ந்தெடுக்கற மாதிரியா? இரண்டாவது, சட்டமா அதிபர்னு நீங்க சொல்றது இங்க அட்வகேட் ஜெனரல் மாதிரியா? அவர் அரசாங்கத்தோட வக்கீல்தானே. முதல்வர் மேல விசாரணை நடக்குதுன்னு அறிவிக்கற அதிகாரம் அவருக்கு எங்கேருந்து வந்தது?

—

கனகாம்பிகை:

சுந்தர், முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இங்கே கட்சித் தலைவரைக் கட்சி மாநாடு தேர்ந்தெடுக்கும். ஆளும் கட்சியின் தலைவர் யாரோ அவர்தான் பிரீமியர். 2000 பெப்ரவரி 20இல் நடந்த மாநாட்டில் தோசாஞ் கோர்கி எவான்ஸைத் தோற்கடித்தார், 24ஆம் திகதி பதவியேற்றார். இடையில் டான் மில்லர் தற்காலிகப் பிரீமியராக இருந்தார்.

இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ரொறன்ரோவில் ஒரு சட்ட அலுவலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தக் குழப்பம் நம் ஆட்களிடம் அடிக்கடி வருவது. இலங்கையில் சட்டமா அதிபர் ஓர் அரச அதிகாரி, அமைச்சரவையில் இருப்பவர் அல்லர். இந்தியாவின் அட்வகேட் ஜெனரலும் அமைச்சர் அல்லர். கனடிய மாகாணங்களில் அவர் ஒரே நேரத்தில் இரண்டு தொப்பி போடுகிறார்: தேர்தலில் வென்று பிரீமியர் நியமித்த அமைச்சர் ஒன்று, சட்டத்தின் காவலர் என்ற முறையில் யாருக்கும் கட்டுப்படாமல் முடிவெடுக்க வேண்டியவர் இன்னொன்று. தன்னை நியமித்தவர் மீதே சட்டம் பாயும்போது இந்த இரண்டும் மோதும். அந்த மோதலுக்கு மருந்தாகத்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் தொடக்கத்திலேயே சிறப்பு வழக்குத்தொடுநர் முறையைக் கொண்டுவந்தார்கள். அரசியல்வாதி சம்பந்தப்பட்ட விசாரணை என்றால், குற்றம் சாட்டுவதா இல்லையா என்பதை அரசுக்கு வெளியில் உள்ள ஒரு சட்டத்தரணி முடிவு செய்வார்.

கிளார்க் விவகாரம் இது: அவருடைய அயல்வீட்டுக்காரர் ஒருவர் சூதாட்ட விடுதி உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அதே ஆள் கிளார்க்கின் வீட்டில் பலகைத்தளம் கட்டும் வேலையும் செய்திருந்தார். 1999 மார்ச் 2இல் ஆர்.சி.எம்.பி. என்ற கனடிய மத்திய பொலிஸ் பிரீமியர் வீட்டையே சோதனையிட்டது, தொலைக்காட்சிக் கமரா வாசலில் நின்றது. உரிமம் முறைகேடாகக் கொடுக்கப்பட்டதா, அதில் பிரீமியர் சம்பந்தப்பட்டாரா என்பதே கேள்வி. ஆகஸ்டில் தோசாஞ் வெளியிட்டது, அந்த விசாரணை கிளார்க்கையே குறிவைத்தது என்ற விபரத்தை.

—

ஸ்காபரோ ரமணன்:

பாலன் அண்ணை, நான் உங்கட மச்சானின் பக்கம். கிளார்க் மீது குற்றம் சாட்டப்பட்டது உண்மை. 2002 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரை முற்றாக விடுதலை செய்ததும் உண்மை. நீதிபதி சொன்னது இதுதான்: அவர் புத்தியாக நடக்கவில்லை, ஆனால் அது குற்றமில்லை. ஆக, குற்றமே செய்யாத ஒரு மனிதனின் அரசியல் வாழ்க்கை ஒரு பத்திரிகையாளர் சந்திப்போடு முடிந்தது. அந்தச் சந்திப்பை நடத்தியவர் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கனகாக்கா சொன்ன சிறப்பு வழக்குத்தொடுநர் முறையைத்தான் நானும் சொல்கிறேன். அரசியல் கலக்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்த முறை? அப்படியென்றால் அந்தச் செய்தியை அரசியல்வாதியான சட்டமா அதிபர் ஏன் வாசிக்க வேண்டும்? அந்தச் சிறப்பு வழக்குத்தொடுநரே ஓர் அறிக்கை விட்டிருக்கலாமே.

தோசாஞ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 1985இல் அவர் காட்டிய துணிவு எனக்கும் மலைப்பு. ஆனால் இந்த விஷயத்தில் இலாபம் அடைந்தவர் அவர்.

இன்னொன்று, சில இடங்களில் இவரை 'வெள்ளையரல்லாத முதல் பிரீமியர்' என்று எழுதுகிறார்கள். லெபனான் வழிவந்த ஜோ கிஸ் 1986இலேயே பிரின்ஸ் எட்வர்ட் தீவின் பிரீமியரானவர். அவரும் சட்டத்தரணிதான். தோசாஞ் தெற்காசியரில் முதலாமவர் என்பதே சரி.

—

மயிலை சுந்தர்:

1985ல என்ன நடந்தது?

—

பர்னபி பாலன்:

சுந்தர், அதைச் சொல்லாமல் இந்த மனுசனை விளங்கிக்கொள்ள ஏலாது.

1984 ஜூனில அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள்ள இந்திய இராணுவம் புகுந்தது. ஒக்டோபரில இந்திரா காந்தி கொலை, அதுக்குப் பிறகு டெல்லியில சீக்கியரைத் தேடித் தேடிக் கொலை செய்தது. அந்தக் கோபம் வன்கூவரிலயும் பத்தி எரிஞ்சது. அந்த நேரத்தில சமூகத்துக்குள்ள இருந்துகொண்டே, 'வன்முறை வேண்டாம், ஆயுதத்தைப் பற்றி மேடையில கதைக்கிறது பிழை' எண்டு பகிரங்கமாச் சொன்ன ஒரு சிலரில தோசாஞ்சும் ஒராள். மிரட்டல் வந்தது. அவர் வாயை மூடேல்லை.

1985 பெப்ரவரியில, கந்தோரைப் பூட்டிப்போட்டுக் கார் நிக்கிற இடத்துக்கு வாறார். ஒருத்தன் இரும்புக் கம்பியால தலையில அடிக்கிறான். தலையில 80 தையல், கை முறிவு. நாலு மாசம் கழிச்சு, ஜூன் 23, ஏர் இந்தியா 182. கடலுக்கு மேல சீக்கியத் தீவிரவாதியள் வைச்ச குண்டு வெடிச்சு 329 பேர் செத்தவை, பெரும்பாலான ஆக்கள் கனடாக்காரர். அவரின்ர எச்சரிக்கையைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில இருந்த ஆக்கள் கேக்கேல்லை எண்டு எனக்கு இப்பவும் ஆத்திரம் வரும். விசாரணை ஆணைக்குழு 2010இல அறிக்கை தரேக்க, அரச அமைப்புகள் விட்ட பிழையள் அடுக்கடுக்கா வெளியில வந்தது.

அதோட முடியேல்லை. தோசாஞ் மாதிரியே வன்முறையை எதிர்த்த பஞ்சாபிப் பத்திரிகை ஆசிரியர் தாரா சிங் ஹேயர் 1988இல சுடப்பட்டு நடக்க ஏலாமப் போனார், 1998 நவம்பரில அவரைக் கொலையே செய்துபோட்டாங்கள். 1999 டிசம்பரில தோசாஞ்சின்ர தொகுதிக் கந்தோருக்குள்ள பெற்றோல் குண்டு வைச்சாங்கள். அப்ப அவர் மாகாணத்தின்ர சட்டமா அதிபர். கட்சித் தலைமைக்கு நிக்கிற நேரம்.

இப்ப ரமணன் தம்பிக்கு வாறன். தலையில 80 தையலோட தெரிஞ்சதைச் சொல்லுறதை நிப்பாட்டாத ஆள், 1999இல தன்ர பிரீமியர் மேல விசாரணை எண்டு தெரிஞ்ச பிறகு மூடி வைப்பார் எண்டு எப்பிடி எதிர்பாக்கிறது? விசாரணைக்கு உட்பட்ட ஒராள் மாகாணத்தை ஆண்டுகொண்டு இருக்கிறார், சட்டமா அதிபரையே மாத்துற அதிகாரம் அவரின்ர கையில இருக்கு. அந்த நிலமையில சனத்துக்கு உண்மையைச் சொல்லுறது கடமை.

—

சர்ரே வதனி:

எல்லாரும் 1999ஐப் பற்றியே எழுதுறியள். நான் வேற ஒரு விசயம் சொல்லோணும்.

நான் 1996இல இஞ்ச வந்தனான். வந்த முதல் இரண்டு கோடையும் அபொட்ஸ்ஃபோர்ட் பக்கம் ப்ளூபெரி ஆயப் போனனான். விடிய அஞ்சு மணிக்கு கொன்ராக்ரரின்ர வான் வரும். இருக்கிற சீற்றை விடக் கூட ஆக்கள், நிலத்தில வாளியைக் கவிட்டுப் போட்டு அதில இருந்துதான் போறது. எனக்குப் பக்கத்தில பஞ்சாபி அம்மாக்கள், அறுவது வயசு, எழுவது வயசு. ஆயிற நிறைக்குத்தான் காசு. மழை வந்தால் காசு இல்லை, வானும் பின்னேரம்தான் திரும்பி வரும். என்ர கடைசி இரண்டு கிழமைக் காசை அந்த கொன்ராக்ரர் தரவே இல்லை. எங்க போய்ச் சொல்லுறது எண்டும் எனக்கு அப்ப தெரியாது.

ஒரு நாள் அந்த அம்மாவில ஒராள் சொன்னா, "இது இப்ப எவ்வளவோ பரவாயில்லை மகள்" எண்டு. எழுவதுகளில தோட்ட வேலைக்காரருக்குக் குறைஞ்ச சம்பளச் சட்டமும் இல்லை, பாதுகாப்பு விதியும் இல்லை, எல்லாத்திலயும் இவைக்கு விலக்கு. அப்பதான் ராஜ் சௌகான் எண்டவரோட சேந்து கொஞ்ச ஆக்கள் தோட்டம் தோட்டமாத் திரிஞ்சு சங்கம் அமைச்சவை. 1980இல கனடியப் பண்ணைத் தொழிலாளர் சங்கம். அவையோட நிண்ட சட்டத்தரணி தோசாஞ். அந்த அம்மா அவரின்ர பேரை 'உஜ்ஜல்' எண்டு, சொந்தப் பிள்ளையின்ர பேர் மாதிரித்தான் சொன்னவ. ராஜ் சௌகான் பிறகு 2020இல மாகாண சபாநாயகராகவே வந்திட்டார்.

அவர் அரசியலுக்கு வந்தது 1991இல இல்லை, அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலதான் எண்டு நான் நினைக்கிறன். பாலன் அண்ணையின்ர மருமகளுக்கு இதையும் சொல்லுங்கோ.

—

பர்னபி பாலன்:

வதனி, நன்றி. இதை நான் முதல் பதிவில போட்டிருக்க வேணும்.

—

மட்டுறுத்துநர்:

காலிஸ்தான் ஆதரவு, எதிர்ப்பு என்று வந்த நான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழை தோசாஞ்சின் பொதுவாழ்க்கை பற்றியது. தயவுசெய்து அதற்குள் நில்லுங்கள். யாரும் யாரையும் 'துரோகி' என்ற சொல்லால் அழைக்க வேண்டாம்.

—

கனகாம்பிகை:

அவர் சட்டமா அதிபராக இருந்த நாலரை ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கிப் பேசுகிறோமோ என்று படுகிறது. எனக்கு மூன்று விஷயம் முக்கியம், மூன்றும் ஒரே நிறமல்ல.

1997இல் மாகாணக் குடும்பச் சட்டத்தில் 'துணை' என்ற சொல்லுக்குள் ஒரே பாலினத்தவரையும் சேர்த்தார்கள். பிள்ளை யாரிடம் வளர்வது, பராமரிப்புப் பணம் யார் கொடுப்பது என்பதில் எல்லோருக்கும் ஒரே சட்டம். கனடாவில் முதலில் செய்தது பிரிட்டிஷ் கொலம்பியா. ஒரே பாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டமாவதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னர் இது. மதச் சமூகங்களிலிருந்து கடும் எதிர்ப்பு, அவருடைய சொந்தச் சமூகத்திலும்தான். அவர் பின்வாங்கவில்லை. குடும்ப வழக்குகளில் வருடக்கணக்காக நின்றவருக்கு, சட்டத்துக்கு வெளியே விடப்பட்ட வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும்.

இரண்டாவது, நிஸ்கா என்ற பழங்குடி மக்களுடனான நில உடன்படிக்கை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி நிலம் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் எடுக்கப்பட்டது. நிஸ்கா மக்கள் நூறு வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2000 மே 11இல், தோசாஞ் பிரீமியராக இருக்கையில், அது நடைமுறைக்கு வந்தது. பேச்சு முந்தைய ஆட்சிக் காலங்களிலேயே தொடங்கியது என்பதால் முழுப் பெருமையும் அவருக்குரியதல்ல.

மூன்றாவது எனக்கு இன்றும் கசப்பு. 1995இல் அவர் சட்டமா அதிபரான அதே கோடையில் கஸ்டஃப்சன் ஏரி முற்றுகை. ஒரு பண்ணை நிலத்தில் சூரிய நடனச் சடங்குக்காகக் கூடியிருந்த பழங்குடியினரும் ஆதரவாளர்களும், அது ஒருபோதும் கையளிக்கப்படாத நிலம் என்று சொல்லி வெளியேற மறுத்தார்கள். நானூறு வரையிலான பொலிஸார், இராணுவக் கவச வாகனங்கள், நிலத்துக்கடியில் வெடி வைத்து ஒரு வாகனத்தை முடக்கியது, ஆயிரக்கணக்கான துப்பாக்கி ரவைகள். எவரும் சாகாதது அதிர்ஷ்டம். தோசாஞ் 'சட்டத்தின் ஆட்சி' என்ற நிலையிலிருந்து அசையவில்லை. பிறகு பொது விசாரணை வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். அது நடக்கவே இல்லை.

பாலன் அண்ணா, கடைசி வரை சட்டத்தரணியாகவே இருந்தார் என்கிறீர்கள். ஆம். ஆனால் அந்தக் குணம் தோட்டத் தொழிலாளருக்குக் கைகொடுத்ததுபோல் கஸ்டஃப்சன் ஏரிக்காரருக்குக் கைகொடுக்கவில்லை. அங்கே கேள்வி சட்டத்தை மீறினார்களா என்பதல்ல, அந்தச் சட்டம் அந்த மண்ணுக்கு எப்படி வந்தது என்பது. அதை எழுப்ப அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்த அமைச்சரவையில் வேறு யார்? 1947 வரை தன் இனத்துக்கே அந்தச் சட்டம் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும்.

—

ஸ்காபரோ ரமணன்:

கனகாக்கா, அந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் உறைத்தது.

2001 தோல்விக்கு வருகிறேன், ஏனென்றால் பாலன் அண்ணை 'தோத்ததும் அதால' என்று எழுதியிருக்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. 1996இல் என்.டி.பி. 39 ஆசனம், லிபரல் 33. ஆனால் வாக்கு வீதத்தில் லிபரல்தான் முன்னுக்கு, 41.8க்கு 39.5. அதாவது கடைசி ஆட்சியே மயிரிழையில் வந்தது. பிறகு என்.டி.பி. அரசு கட்டுவித்த அதிவேகப் பயணிகள் படகுகளின் விவகாரம். மூன்று கப்பல், 210 மில்லியன் டொலர் என்று தொடங்கி 460 மில்லியன் வரை போனது. ஓடியதும் குறைவு. 2000இல் தோசாஞ்சின் அரசு அவற்றை விற்கப் போவதாக அறிவித்தது. 2003இல் ஏலத்தில் மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது 20 மில்லியன் கூட இல்லை. அதற்கு மேல் சூதாட்ட விடுதி விவகாரம். யார் தலைவராக வந்திருந்தாலும் கட்சி தோற்றிருக்கும்.

2001 மே 16: 79 ஆசனத்தில் லிபரல் 77, என்.டி.பி. 2. ஜோய் மக்ஃபெயிலும் ஜெனி க்வானும் மட்டும். தோசாஞ் தன் கென்சிங்டன் தொகுதியிலேயே தோற்றார். அங்கீகரிக்கப்பட்ட கட்சியாக இருக்க நான்கு ஆசனம் வேண்டும் என்று சொல்லி எதிர்க்கட்சி அந்தஸ்தும் கொடுக்கவில்லை. என்.டி.பி.க்கு 21 வீதத்துக்கும் மேல் வாக்கு விழுந்தும் இரண்டு ஆசனம்.

—

பர்னபி பாலன்:

படகுக் காசை நான் மறுக்கேல்லை தம்பி. நான் சொன்னது வேற. தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கேக்கையே அவர் வெளிய வந்து, நாங்கள் வெல்லப் போறதில்லை, ஆனா சபையில பலமான எதிர்க்கட்சி இருக்க வேணும், அதுக்கு வாக்குப் போடுங்கோ எண்டு சொன்னவர். நான் அப்ப வேலையால வந்து செய்தி பாத்துக்கொண்டிருந்தனான், காதை நம்பேல்லை. எந்த அரசியல்வாதி அப்பிடிச் சொல்லுவான்? கந்தோரில வந்திருக்கிற வழக்குக்காரனிட்ட, 'வழக்கு வெல்லாது, தண்டனையைக் குறைக்கப் பாப்பம்' எண்டு சொல்லுற சட்டத்தரணியின்ர வாய் அது. வேட்பாளர் எத்தினை பேருக்கு அது நெஞ்சில அடிச்ச மாதிரி இருந்திருக்கும். 79இல 2 எண்டதுக்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம், அல்லது அந்த இரண்டு ஆசனமும் கிடைச்சதுக்கே அந்தப் பேச்சுத்தான் காரணம். நான் இரண்டாவதை நம்புறன்.

—

கனகாம்பிகை:

ஒரு கிளைக்கதை, மன்னிக்க வேண்டும். 1991இல் இதே மாகாணத்தில் பிரீமியர் வான்டர் ஸாம் நலன் முரண்பாட்டுச் சர்ச்சையில் விலகியதும், ரீட்டா ஜோன்ஸ்டனிடம் பதவியைக் கொடுத்தார்கள். கனடாவின் முதல் பெண் மாகாணப் பிரீமியர். சில மாதங்களில் தேர்தல், கட்சி படுதோல்வி, அவரும் தொகுதியை இழந்தார். 1993இல் கிம் கம்ப்பெல், அவரும் வன்கூவர் சட்டத்தரணி, இதே மாகாண சபையில் இருந்தவர், நாட்டின் முதல் பெண் பிரதமர். சில மாதங்களில் தேர்தல், கட்சிக்கு மிஞ்சியது இரண்டே ஆசனம். 2001இல் தோசாஞ், மறுபடி இரண்டு.

கப்பலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் சுக்கானை இவர்கள் கையில் கொடுக்கிறார்கள். உங்கள் மருமகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

—

மயிலை சுந்தர்:

அப்ப 2004ல லிபரல் கட்சிக்குப் போனது? மாகாணத்துல எதிர்த்து நின்ன கட்சிக்கே போயிட்டாரா? எனக்கு அது உறுத்துது.

—

ஸ்காபரோ ரமணன்:

சுந்தர், பெயர்தான் ஒன்று. அப்போது மாகாண லிபரலும் மத்திய லிபரலும் அங்கே வெவ்வேறு கட்சியாக இருந்தன, மாகாண லிபரலுக்குள் கொன்சர்வேட்டிவ்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். அதனால் அது நீங்கள் நினைக்கும் அளவு தாவல் இல்லை. ஆனால் என்.டி.பி.யை விட்டுப் போனது போனதுதான், பழைய தோழர்கள் பலருக்கு அது ஆறாத புண். பிரதமர் போல் மார்ட்டின் அழைத்தார், வன்கூவர் தெற்கில் வென்றார், நேரே சுகாதார அமைச்சர். அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் மாகாணங்களுக்குப் பத்தாண்டுகளில் 41 பில்லியன் டொலர் தரும் சுகாதார ஒப்பந்தம் கையெழுத்தானது. 2008இல் அதே தொகுதியை வெறும் 20 வாக்கால் காப்பாற்றினார், நீதிமன்ற மறுஎண்ணிக்கைக்குப் பிறகு. 2011இல் அதே எதிராளி வாய் யங்கிடம் தோற்றார். பிறகு 2016இல் தன்வரலாறு எழுதினார்.

—

சர்ரே வதனி:

2010ஐ விட்டிட்டியள். இஞ்ச சர்ரேயில சீக்கியரின்ர வைசாகித் திருவிழா ஊர்வலம் எண்டால் இலட்சக்கணக்கில சனம், நாங்களும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறனாங்கள், தெரு முழுக்கச் சாப்பாடு. அந்த வருசம் ஒழுங்குபடுத்தின ஆக்களில ஒராள் வானொலியில, தோசாஞ்சையும் தாரா சிங் ஹேயரின்ர மகன் டேவ் ஹேயரையும் தாங்கள் கூப்பிடேல்லை, வாறதெண்டால் தங்கட பாதுகாப்பைத் தாங்களே கொண்டு வரட்டும் எண்டு சொன்னார். அடி விழுந்து 25 வருசம். ஒராள் நாடாளுமன்ற உறுப்பினர், மற்றவர் மாகாண சபை உறுப்பினர். தங்கட சனத்தின்ர திருவிழாத் தெருவில நடக்கிறதுக்கு!

அதைக் கேட்ட அண்டைக்கு நான் அழுதனான். அரசியல் வேற, அந்த அம்மா 'உஜ்ஜல்' எண்டு சொன்னது எனக்குக் காதில கேட்டுக்கொண்டே இருந்தது.

—

ஸ்காபரோ ரமணன்:

இரண்டு நாளாக இதை யோசித்தேன். என் நிலைப்பாட்டைத் திருத்துகிறேன், ஆனால் முழுதாக மாற்றவில்லை.

ஆகஸ்ட் 20 அறிவிப்பு சரிதான். மறைத்திருந்தால் பிறகு தெரியவரும்போது சட்டமா அதிபர் பதவியே நாறியிருக்கும். கிளார்க் பின்னர் விடுதலையானது அந்த நாளின் முடிவைப் பிழையாக்காது, விசாரணை நடந்தது உண்மை. (கிளார்க்கும் வீழ்ந்து கிடக்கவில்லை. ஜிம் பாட்டிசன் நிறுவனத்தில் சேர்ந்து தலைவர் பதவி வரை போனார்.)

பிழை அதற்குப் பிறகு. அறிவித்த அதே ஆள் தலைமைக்குப் போட்டியிட்டிருக்கக் கூடாது. அவர் அந்தக் கதிரைக்குப் போகாமல் இருந்திருந்தால், உங்கள் மச்சான் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது. நீதி செய்தால் போதாது, செய்ததாகத் தெரியவும் வேண்டும் என்று சட்டம் படித்தவர்களே சொல்வார்கள். இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள் அண்ணை.

—

பர்னபி பாலன்:

இதை மருமகளுக்கு வாசிச்சுக் காட்டினனான். நான் சொல்ல நினைச்ச பதில்: அவர் ஒதுங்கியிருந்தால், 1907இல பறிச்ச உரிமையின்ர கணக்கு 2000இல தீர்ந்திருக்காது. மாகாணத்தின்ர ஆகப் பெரிய கதிரையில எங்கட நிறத்தில ஒராள் இருந்ததைப் பாத்த பிள்ளையள் எத்தினை பேர்.

மருமகள் ஒத்துக்கொள்ளேல்லை. "மாமா, அது அவர் போட்டியிட்டதாலே எங்களுக்கு வந்த நன்மை. ரமணன் அங்கிள் கேட்டது, அவர் போட்டியிட்டது சரியோ எண்டு. இரண்டும் வேற கேள்வி" எண்டாள். பிறகு கனகாவின்ர கஸ்டஃப்சன் ஏரிப் பதிவை இரண்டு தரம் வாசிச்சாள், ஒண்டும் கதைக்கேல்லை. வதனியின்ர பதிவைத் தன்ர தோழியளுக்கு ஆங்கிலத்தில சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாற சனிக்கிழமை நானும் அவளும் மச்சானும் மாகாணத் தலைநகர் விக்டோரியாவில சட்டமன்றம் பாக்கப் போறம். ட்சவாசன் படகுத் துறையில இருந்து படகில ஒண்டரை மணித்தியாலத்துக்கும் மேல. மச்சான் இப்பவே தன்ர குறிப்புகளை எழுதி வைச்சிருக்கிறார். வந்து எழுதுறன்.